ஒன்பது விளக்குக்கு நியாயமான கூலி

கடலூர் முதுநகர்,
9.6.2025

சேசு மரி சூசை

அன்புள்ள மேரிக்கு,

நான் நலம். நீயும் தங்கச்சி சகாய பிரியாவும் நலமா என்று வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்கிறேன். என் நம்பரை பிளாக் செய்து வைத்திருக்கிறாய். ஜான்சிக்குப் போட்டால், "அப்பா, உங்க ரெண்டு பேரு சண்டையில என்னை இழுக்காதீங்க" என்று கோயம்புத்தூரிலிருந்து கட் செய்துவிடுகிறாள். பெற்ற மகள்! ஆகவே போஸ்ட் ஆபீஸ் போய் கவர் வாங்கி வந்தேன். கவுண்டரில் இருந்த பெண், "யாருக்கு சார் லெட்டர்?" என்று கேட்டது. பெண்டாட்டிக்கு என்றேன். சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மச்சான் ஜெகனின் முப்பதாம் நாள் பூசை முடிந்து நான் சிதம்பரத்தை விட்டுக் கிளம்பும்போது நீ வாசலில் நின்று சொன்னது எனக்கு மனப்பாடம். "நீங்க யாருக்காச்சும் ஒருத்தருக்கு அடிச்சுப் பேசாம நியாயமா கூலி குடுங்க. குடுத்தீங்கன்னு அந்த ஆளு வாயாலயே சொல்லட்டும். அன்னிக்கு நான் வீட்டுக்கு வரேன்." சரி. அதற்கு இப்போது வாய்ப்பு வந்திருக்கிறது.

ஹாலில் டியூப் லைட் பட்டி ஒரு பக்கம் கழன்று தொங்குகிறது. உப்புக்காற்று தின்றுவிட்டது. சமையலறை விளக்கு கண்ணடிக்கிறது. கேட் லைட் எரிவதே இல்லை. பார்க்கப்போனால் வீட்டில் ஒன்பது இடத்தில் பட்டி, ஹோல்டர் எல்லாமே துருவேறிப் போயிருக்கின்றன. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு எல்.இ.டி. போட்டுவிடலாம் என்று இருக்கிறேன். சாமான் வாங்கிவிட்டேன். அதில் பேச்சில்லை, டப்பாவிலேயே விலை அச்சடித்திருக்கிறது. கூலிதான் குழப்பம்.

சோனங்குப்பத்து சுரேந்தர் வந்து பார்த்தான். உனக்குத் தெரிந்த பிள்ளைதான், நம் வீட்டு ஃபேன், மோட்டார் எல்லாம் அவன் கை பட்டதுதான். ஒரு விளக்கு மாட்ட நானூறு, ஒன்பதுக்கு மூவாயிரத்து அறுநூறு என்கிறான். நான் கெமிக்கல் கம்பெனியில் அத்தனை வருஷம் பர்ச்சேஸ் பார்த்தவன். என்னைப் பொறுத்தவரை விலை என்பது, எதிராளி பெருமூச்சு விட்டு, "சரி சார், உங்களுக்காக" என்று சொல்லும்போது நிற்கிற தொகை. பேசாமலே நியாயமான விலையை எப்படிக் கண்டுபிடிக்கிறது? சத்தியமாகத் தெரியவில்லை. நீயே ஒரு தொகை எழுது. மறுபேச்சில்லாமல் அதைக் கொடுத்துவிடுகிறேன்.

பிரஷர் மாத்திரையை மறந்துவிடாதே. பிரியாவைக் கேட்டதாகச் சொல்.

தொங்குகிற பட்டிக்குக் கீழே உட்கார்ந்து எழுதும்,
லூர்துசாமி

---

சிதம்பரம்,
19.6.2025

ஜான்சி அப்பாவுக்கு மேரி எழுதுவது.

ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே இருவரும் உயிரோடு இருக்கிறோம். பிரியா பாதி நாள் சாப்பிடுவதில்லை. தட்டில் போட்டு எதிரில் உட்கார்ந்தால்தான் இரண்டு வாய் இறங்குகிறது. நான் மாத்திரை போடுகிறேன். நீங்கள் ராத்திரியில் பரோட்டா வாங்கித் தின்காதீர்கள்.

போனை எதற்காக பிளாக் செய்தேன் என்று உங்களுக்கே தெரியும். போனில் என்னிடமே பேரம் பேசுகிறீர்கள். ஒரு மாசம் இருக்கிறேன் என்றால் பதினைந்து நாள் என்கிறீர்கள், பதினைந்து என்றால் ஒரு வாரம் என்கிறீர்கள். என்ன, நான் வஞ்சிர மீனா? கடிதத்தில் என்றால் நான் சொல்ல வந்ததை முழுசாகச் சொல்லலாம்.

தொகை எழுது என்கிறீர்களே, உங்களுக்கே நன்றாக இருக்கிறதா? நான் எழுதிக் கொடுத்து நீங்கள் கொடுத்தால் அது நான் கொடுத்தது. நல்ல ஆளைக் கேட்டீர்கள்! ஏறி இறங்கி வேலை செய்கிறவன் சுரேந்தர். அவனைக் கேளுங்கள். அவன் முகத்தைப் பாருங்கள். ஒரு மனுஷனுக்கு வயிறு குளிர்ந்ததா இல்லையா என்று முகத்தைப் பார்த்தால் தெரியாதா? என் கூட இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் உங்களுக்கு அது மட்டும் படியவில்லை.

ஆனித் தேர் வருகிறது என்று ஊரே கூட்டமாக இருக்கிறது. பஸ் ஸ்டாண்ட் பக்கம் போகவே முடியவில்லை.

மேரி

---

கடலூர் முதுநகர்,
28.6.2025

சேசு மரி சூசை

அன்புள்ள மேரிக்கு,

உடம்பு தேவலை. பரோட்டாவை நிறுத்திவிட்டேன். பிரியாவுக்கு அரிசிக் கஞ்சி வைத்துக் கொடுத்துப் பார், நெத்திலிக் கருவாடு சுட்டு வைத்தால் இறங்கும்.

நீ சொன்னபடி சுரேந்தரைக் கேட்டேன். அதற்கு முன்னால், பழக்க தோஷம், இன்னும் இரண்டு பேரிடம் கொட்டேஷன் வாங்கினேன். கோபப்படாதே. மூன்று கொட்டேஷன் இல்லாமல் என் கை கையெழுத்துப் போடாது. மஞ்சக்குப்பத்து ஆள் இரண்டாயிரத்து இருநூறு என்கிறான். அருண்குமார் என்று ஒரு பையன், "பாத்து குடுங்க சார்" என்கிறான். என்னத்தைப் பார்ப்பது? எதைப் பார்ப்பது? "நீ ஒரு நம்பர் சொல்லுப்பா" என்றால், "உங்களுக்குத் தெரியாததா சார்" என்கிறான். எனக்குத் தெரியாததால்தானே கேட்கிறேன்! கம்பெனியாக இருந்தால் குறைந்த கொட்டேஷனுக்கு ஆர்டர் போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன். இங்கே குறைந்ததைக் கொடுத்தால் அடித்துப் பேசின மாதிரி ஆகுமா? ஜாஸ்தி கேட்கிறவனுக்குக் கொடுப்பதுதான் நியாயமா? நடுவில் இருப்பதா? தலை சுற்றுகிறது.

கடைசியில் சுரேந்தரையே கூப்பிட்டேன். அவன் சொன்னால்தான் நீ நம்புவாய். "மூவாயிரத்து அறுநூறுதானே, சரி, செய்" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவை. அவன் ஏணியில் பாதி ஏறினவன் இறங்கி வந்துவிட்டான். என் முகத்தையே பார்த்தான்.

"இன்னா சார், உடம்பு கிடம்பு சரியில்லியா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"மேரிம்மா எப்ப வராங்க?"

"நீ வேலைய முடிச்சா வருவா."

அதற்கு என்ன அர்த்தம் எடுத்துக்கொண்டானோ, "டெஸ்டர் எடுத்துனு வரேன் சார்" என்று போனவன் போனவன்தான். ஒரு வாரமாகிறது. போனை எடுப்பதில்லை. பேரம் பேசினபோதெல்லாம் ஓடி ஓடி வந்தவன், கேட்டதைக் கொடுக்கிறேன் என்றதும் ஏன் ஓடுகிறான்? உனக்குப் புரிந்தால் எழுது.

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்,
லூர்துசாமி

---

சிதம்பரம்,
10.7.2025

ஜான்சி அப்பாவுக்கு,

நலம். கஞ்சியும் கருவாடும் பிரியாவுக்குப் பிடித்திருக்கிறது. நீங்கள் சொன்னதாகச் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டாள்.

சுரேந்தர் ஏன் ஓடினான் என்று என்னைக் கேட்காதீர்கள். நான் ஏன் வரவில்லை என்று உங்களுக்கு இன்னமும் புரிந்த மாதிரி தெரியவில்லை. ஏதோ விளக்கு, கொட்டேஷன் என்று விளையாட்டாக எழுதிக்கொண்டு போகிறீர்கள். அதனால் ஒரு தடவை உடைத்தே எழுதிவிடுகிறேன்.

மார்ச்சில் என் தம்பி ஜெகன் இந்த வீட்டு ஹாலில் ஐஸ் பெட்டிக்குள் கிடந்தான். மாமா மாமா என்று உங்கள் காலைச் சுற்றிக்கொண்டு வளர்ந்தவன். நான் அவன் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிறேன், அவன் பெண்டாட்டி பிரியா ஜன்னலோரம். வெளியே நீங்கள், சவப்பெட்டி செய்கிற தனக்கோடியிடம் தெருவுக்கே கேட்கிற மாதிரி சத்தம் போட்டுப் பேரம் பேசுகிறீர்கள். "மண்ணுக்குள்ள போறதுக்குப் பித்தளைப் புடி எதுக்கு? இரும்புல போடு. புடியே இல்லாட்டி எவ்ளோ கொறையும், சொல்லு." அந்த வார்த்தை இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. பன்னிரண்டாயிரம் சொன்ன பெட்டியை எட்டாயிரத்து ஐநூறுக்கு இறக்கிவிட்டு, உள்ளே வந்து பிரியாவைப் பார்த்து, "முடிச்சிட்டேன்" என்றீர்களே, எப்படி மனசு வந்தது? பெரியப்பா வீட்டு ஆட்கள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். நான் அந்தப் பெட்டியை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பார்த்தால் அந்த விலைதான் கண்ணில் நிற்கும் என்று பயமாக இருந்தது.

கத்தரிக்காய்க்காரி, ஆட்டோக்காரர், கொத்தனார் எல்லாரிடமும் பேசினீர்கள், சகித்துக்கொண்டேன். என் தம்பி கடைசியாகப் போன பெட்டியிலுமா?

இதற்குப் பதில் எழுதுங்கள். விளக்கைப் பற்றி அப்புறம் எழுதலாம்.

மேரி

---

கடலூர் முதுநகர்,
1.8.2025

சேசு மரி சூசை

அன்புள்ள மேரிக்கு,

நான் நலம். இரண்டு நாள் ஜுரம் இருந்தது, போய்விட்டது. உன் கடிதம் வந்தது. படித்தேன்.

சுரேந்தரைத் தேடி நானே சோனங்குப்பம் போனேன். பிச்சாவரத்தில் படகுத்துறைப் பக்கம் ஒரு கட்டடத்துக்கு வயரிங் வேலையாம், ராத்திரிதான் வருகிறானாம். அவன் அப்பா சின்னதம்பி வலையைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தவர், "அவன் உங்க வூட்டுக்கு வர பயப்படறான் சார்" என்றார். எதற்கு என்று கேட்டால் அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. மறுநாள் காலையில் அவரே பையனைக் கூட்டிக்கொண்டு வந்து விட்டுவிட்டுப் போனார்.

வேலை சுத்தம். ஒன்பதும் எரிகின்றன. ஹாலில் துரு உதிர்ந்த இடத்தைத் துடைத்து, புது ஸ்க்ரூ போட்டு, தொட்டுத் தொட்டுப் பார்த்துத்தான் இறங்கினான். மூவாயிரத்து அறுநூறை எடுத்துக் கொடுத்தேன். எண்ணினான். திரும்ப எண்ணினான்.

"நியாயமா இருக்கா? வாயத் தொறந்து சொல்லுப்பா" என்றேன்.

"இன்னா சார் இப்டியெல்லாம் கேக்கறீங்க" என்றான். அவ்வளவுதான். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். இதை அவன் சொன்னதாக எடுத்துக்கொள்வதா, சொல்லாததாக எடுத்துக்கொள்வதா? முகத்தைப் பார் என்றாய். பார்த்தேன். பேய் அடித்த மாதிரி இருந்தது.

எதுவானாலும் கேட்டதைக் கொடுத்துவிட்டேன், ஒரு ரூபாய் குறைக்கவில்லை. புது வெளிச்சத்தில் வீடு பெரிசாகிவிட்ட மாதிரி இருக்கிறது. மூலைக்கு மூலை ஒட்டடை தெரிகிறது. சாப்பிட உட்கார்ந்தால் நான் ஒருவன் மட்டும் இருப்பது பளிச்சென்று தெரிகிறது. முன்பு அந்த மங்கல் வெளிச்சத்தில் இவ்வளவு தெரியவில்லை. வந்துவிடு மேரி.

லூர்துசாமி

---

சிதம்பரம்,
9.8.2025

ஜான்சி அப்பாவுக்கு,

ஜுரம் என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகிறீர்களே, டாக்டரிடம் போனீர்களா? கொசு மருந்து அடித்தார்களா? ஜான்சியை விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.

பெட்டியைப் பற்றிக் கேட்டேன். "படித்தேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். நான் என்ன, ஆபீஸ் சர்க்குலரா அனுப்பினேன்? வாய்க்கு வாய் பேசுகிற மனுஷர் இதற்கு மட்டும் ஊமையாகிவிட்டீர்கள். இருக்கட்டும்.

சுரேந்தர் எனக்குப் போன் செய்தான். "மேரிம்மா, சாருக்கு இன்னாமோ ஆயிட்ச்சு. பேரமே பேசல. கேட்டத அப்டியே எடுத்துக் குடுத்துட்டாரு. எனக்கு ராவெல்லாம் தூக்கமே வர்ல. நீங்க ஒடனே வந்து பாருங்க" என்று அழாத குறை. நான், "உனக்கு நியாயமான கூலி குடுத்தாரா இல்லியா, அத மட்டும் சொல்லு" என்றேன். "நியாயமா? ரொம்ப ஜாஸ்திம்மா" என்கிறான்.

இப்போது நான் என்ன செய்வது? குறைத்துக் கொடுத்தால் வரமாட்டேன் என்றேன். ஜாஸ்தியாகக் கொடுத்தால் என்ன என்று நான் யோசிக்கவே இல்லை. கேட்டவனே அதிகம் என்று சொன்னால், ஏன் கேட்டான்? பிரியாவிடம் சொன்னேன். தம்பி போனதிலிருந்து இன்றைக்குத்தான் சிரித்தாள். உங்களால் ஒரு நல்லது.

மேரி

---

கடலூர் முதுநகர்,
16.8.2025

சேசு மரி சூசை

அன்புள்ள மேரிக்கு,

பூரண நலம். கொசு மருந்து அடித்தார்கள், கொசுவைத் தவிர எல்லாருக்கும் இருமல்.

நேற்று மாதா விண்ணேற்புத் திருநாள் பூசை முடிந்து வந்தேன். சுரேந்தர் கேட்டருகில் நிற்கிறான், கையில் ஆயிரத்து எண்ணூறு ரூபாய். "இத வாங்கிக்கங்க சார், என்னால தாங்க முடில" என்றான். உட்காரவைத்து டீ போட்டுக் கொடுத்து விசாரித்தேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கோர்ட்டில் சாட்சி சொல்வதானாலும் இதையேதான் சொல்வேன்.

"சார், ஒரு வெளக்குக்கு எரநூறுதான் கூலி. ஊருக்கே அதான். ஆனா உங்களாண்ட மட்டும் நானூறு சொல்லுவோம். நீங்க எப்டியும் பாதியா கொறச்சிடுவீங்க. எரநூறுல வந்து நிக்கும். நானு மட்டும் இல்ல சார், பிளம்பரு, கொத்தனாரு, கேபிள்காரரு, மீன் விக்கற அக்கா வரைக்கும் உங்களுக்குத் தனி ரேட்டு. நீங்க கொறைக்கலன்னா நாங்க இன்னா பண்றது?"

மேரி, எனக்குக் காது அடைத்துவிட்டது. இத்தனை வருஷம் ஊரையே மடக்கிப் பிடித்து வாங்கினேன் என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடந்தேனே! எல்லாரும் வாங்குகிற விலைக்குத்தான் நானும் வாங்கியிருக்கிறேன். தொண்டைத் தண்ணீர் வற்றினதுதான் மிச்சம்.

அத்தோடு விட்டானா? "அதுக்கு மேல மேரிம்மா பின்பக்கமா கூப்ட்டு நூறு, எரநூறு கைல வெச்சிடுவாங்க. சாராண்ட சொல்லாதப்பான்னுவாங்க. அதனால உங்க வூட்டு வேலைன்னா எங்களுக்கு எப்பவும் கொஞ்சம் ஜாஸ்திதான் சார்."

பின்பக்க வாசலைப் பற்றி உன்னிடம் நான் எதுவும் கேட்கப் போவதில்லை. செய்தது சரிதான்.

ஆயிரத்து எண்ணூறை நான் வாங்க மாட்டேன் என்றேன். வாங்கினால் அது பேரம் பேசினதாக ஆகிவிடும், நீ வரமாட்டாய். அவன் கேட்காமல் மாதா சுரூபத்துக்குக் கீழே வைத்துவிட்டு ஓடிவிட்டான். அது அங்கேயே இருக்கிறது. தொட எனக்குப் பயம். ஆயிரத்து எண்ணூறு நியாயமா, மூவாயிரத்து அறுநூறு நியாயமா? அவன் ஜாஸ்தி என்று வாயால் சொல்லிவிட்டான், நீ கேட்டது அதில் அடங்குமா? தெளிவாக எழுது.

ஒன்றும் புரியாத,
லூர்துசாமி

---

சிதம்பரம்,
30.8.2025

ஜான்சி அப்பாவுக்கு,

இங்கே நலம். வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் காவி உடுத்திக் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். நானும் பிரியாவும் தினம் மோர் கொடுக்கிறோம். அதுதான் பதில் எழுதத் தாமதம் என்று எழுத நினைத்தேன். உண்மை அதுவல்ல. என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

மானம் போகிறது. அந்தச் சுரேந்தர் நேரில் கிடைத்தால் காதைத் திருகுவேன். ஆமாம், கொடுத்தேன். அரிசி, பருப்பில் மிச்சம் பிடித்து, ரவிக்கை தைத்துக் கொடுத்த காசில், உங்களுக்குத் தெரியாமல் கொடுத்தேன். உங்களால் பாதி வயிறோடு போகிறார்களே என்று நினைத்துக் கொடுத்தேன். பார்த்தால் முழு வயிறோடு போனவர்களுக்கு நான் பாயசம் ஊற்றியிருக்கிறேன்! என்னைப் பார்த்து எத்தனை பேர் சிரித்திருப்பார்கள்?

ஆனால் எனக்கு வேறொன்று புரியவில்லை. இது தெரிந்தால் நீங்கள் நாலு பக்கத்துக்குத் திட்டுவீர்கள் என்று அத்தனை வருஷமும் பயந்தேன். "செய்தது சரிதான்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த வரியைப் பத்துத் தடவை படித்துவிட்டேன். இது உங்கள் பேச்சே இல்லை.

கடலூர் ஆட்களுக்கு உங்களைத் தெரியும், அதனால் இரண்டு மடங்கு சொன்னார்கள். சரி. ஆனால் பெட்டிக்காரர் தனக்கோடி இந்த ஊர் ஆள். அவருக்கு உங்களைத் தெரியாது. அவர் சொன்ன பன்னிரண்டாயிரம் நிஜ விலை. நீங்கள் குறைத்த மூவாயிரத்து ஐநூறு அவருடைய மரமும் கூலியும். எல்லாருக்கும் கொடுத்தேன், என் தம்பிக்குப் பெட்டி செய்தவருக்குக் கொடுக்காமல் இருக்கிறேன். இங்கே பிரியாவின் மெஷினில் தைத்துச் சேர்த்து வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் போய்க் கொடுத்துவிட்டு வருவேன். அதற்கப்புறம் உங்கள் ஆயிரத்து எண்ணூறைப் பற்றி யோசிக்கலாம்.

மேரி

---

கடலூர் முதுநகர்,
3.9.2025
ஸ்பீடு போஸ்ட்

அன்புள்ள மேரிக்கு,

தனக்கோடியிடம் போகாதே. காசு கொடுக்காதே. அவரிடம் எதுவும் கேட்காதே. முடிந்துபோன விஷயம். காரணம் கேட்காதே. ஜான்சி போனை எடுக்கவில்லை, இல்லாவிட்டால் அவளை விட்டுச் சொல்லச் சொல்லியிருப்பேன். நானே பஸ் ஏறி வரலாம், ஆனால் பிரியா எதிரில் உன்னிடம் பேச முடியாது.

போகாதே. இதை உன்னிடம் பிச்சையாகக் கேட்கிறேன்.

லூர்துசாமி

---

சிதம்பரம்,
8.9.2025

என் அன்புக்குரியவருக்கு,

நீங்கள் நலமா? உண்மையாகக் கேட்கிறேன். இந்தக் கடிதத்தை எத்தனை தடவை கிழித்துவிட்டு எழுதுகிறேன் என்று எனக்கே தெரியாது.

உங்கள் ஸ்பீடு போஸ்ட் வந்து சேர்ந்தபோது நான் போய்விட்டு வந்திருந்தேன்.

தனக்கோடி பட்டறையில் தனியாக இழைத்துக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொல்லி, பணத்தை நீட்டி, "எங்க வீட்டுக்காரர் கொறச்சுட்டாரு, நீங்க தப்பா நினைக்கக்கூடாது" என்றேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இன்னாம்மா இது? பெரியவரு முழு வெலையும் குடுத்துட்டாரே. பேரம் பேசறதுக்கு மின்னாடியே பேசிட்டாரு. காலைல வந்து, 'தங்கச்சியாண்ட எட்டாயிரத்து ஐநூறுதான் இருக்கு, அதுக்கு மேல ஒருத்தர் காசும் தொடமாட்டேங்குது. நான் வெளிய நின்னு அது காதுல விழற மாதிரி கொறைக்கறேன், நீ கடைசில ஒத்துக்க. மிச்சத்த நான் தரேன்'னாரு. கல்லறையிலேந்து திரும்பி வந்ததும் மூவாயிரத்து ஐநூறைக் கைல வெச்சாரு. அதுல ஒரு ரூவா கொறைக்கல. அந்தப் புடிய கழட்டுன்றது மட்டும் எங்க பேச்சுலயே இல்லம்மா, அவரா சேத்துக்கிட்டாரு. நெசமா பேசறாரோன்னு எனக்கே கோவம் வந்துட்ச்சு. பித்தளைப் புடிதாம்மா போட்டேன், நீங்க பாக்கலியா?"

நான் பார்க்கவில்லை. அங்கேயே மரத்தூளில் உட்கார்ந்து அழுதேன். அவர் பாவம், என்ன செய்வதென்று தெரியாமல் சோடா வாங்கி வந்து கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் பிரியா, "எங்க அண்ணி போனீங்க?" என்றாள். பூ வாங்க என்றேன். கையில் பூ இல்லை. அவள் அதைக் கவனிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்து ஏதோ நினைத்துக்கொண்டு, தானாகவே சொல்ல ஆரம்பித்தாள். "அண்ணனை ரொம்ப திட்டாதீங்க அண்ணி. நான்தான் கொறைக்கச் சொன்னேன். ஆஸ்பத்திரி எல்லாத்தையும் வழிச்சுக்கிச்சு. எங்கிட்ட அவ்ளோதான் இருந்துச்சு. அண்ணன் தரேன்னாரு, நான்தான் வேணான்னுட்டேன். உங்க தம்பிக்குக் கடைசியா வாங்கறது என் காசுல இருக்கணும்னு நெனச்சேன். வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு. சொன்னா நீங்களும் கோவம் போயி அவரோட கெளம்பிடுவீங்கன்னு பயமாவும் இருந்துச்சு." அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அதுல வேற யாரு காசும் கலக்கல அண்ணி" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நான் வாயைத் திறக்கவில்லை.

உங்கள் மேல் எனக்குக் கோபம் போகவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? இத்தனை மாசம் உங்களை மனசுக்குள் எப்படியெல்லாம் பேசினேன் தெரியுமா? என் கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு "படித்தேன்" என்று எழுதுகிற மனுஷரை என்ன செய்வது?

நியாயமாகக் கொடுத்தீர்கள் என்று வாங்கினவரே வாயால் சொல்லவேண்டும் என்றேன். சொல்லிவிட்டார். மாதா சுரூபத்துக்குக் கீழே இருக்கிற பணத்தை எடுத்துப் பையில் வையுங்கள், அது உங்கள் காசு, சுரேந்தருக்கு ஆயிரத்து எண்ணூறுதான் நியாயம். இருபதாம் தேதி சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். பிரியாவை இங்கே தனியாக விட்டுவிட்டு எப்படி வருவது என்றுதான் தெரியவில்லை.

உங்கள் மேரி

---

கடலூர் முதுநகர்,
12.9.2025

சேசு மரி சூசை

அன்புள்ள மேரிக்கு,

நலம். மிகவும் நலம். உன் கடிதத்தைத் தபால்காரர் எதிரிலேயே பிரித்துப் படித்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கெட்ட சேதியா சார்?" என்றார்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறாய். உனக்குப் பொய் வராது, சொன்னால் உன் முகமே பிரியாவிடம் காட்டிக்கொடுத்துவிடும் என்று நினைத்தேன். பின்பக்க வாசலில் அத்தனை வருஷம் நீ நடத்தின வேலை எனக்கு அன்றைக்கே தெரிந்திருந்தால், முதலில் உன்னைத்தான் கூட்டுச் சேர்த்திருப்பேன். பிடி விஷயம் ஏன் வாயில் வந்தது என்று எனக்கே தெரியவில்லை. பேச ஆரம்பித்ததும் அதுவாக வந்துவிட்டது. மச்சான் இருந்திருந்தால் அதற்காகவே என்னை ஓட்டித் தள்ளியிருப்பான். மேரி, அவனை நினைத்து அழக்கூட எனக்கு நேரம் வாய்க்கவில்லை.

பிரியாவைத் தனியாக விடாதே. கூட்டிக்கொண்டு வா. பின்னறைக்கும் ஒரு விளக்கு போடச் சொன்னேன். சுரேந்தர், "எரநூறு சார்" என்றான். கொடுத்தேன். இருவருக்கும் ஏதோ மாதிரி இருந்தது. அவள் எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கட்டும்.

சனிக்கிழமை பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இறங்கினதும் என்னைப் பார்த்துச் சிரித்துவிடாதே. வீட்டுக்கு வந்தும் கொஞ்ச நாள் அவள் எதிரில் அந்தப் பெட்டிப் பிடிப் பேச்சை வைத்து என்னைத் திட்டிக்கொண்டே இரு, நன்றாகத் திட்டு. நீ திடீரென்று நிறுத்திவிட்டால் பிரியாவுக்குச் சந்தேகம் வந்துவிடும்.

உன்,
லூர்துசாமி